நிற்காத கடைக்கு ஒரு கணக்கு

பழுது பார்க்க ஒரு வண்டியும் மிச்சமில்லாத நாட்களில் அந்த மெக்கானிக் கடை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி வேறு தெருவுக்குப் போய்விடும். தகரக் கூரை, ஒற்றை ஷட்டர், ஸ்பேனர் மாட்டிய பலகை, டயர் தொங்கும் கம்பி, மின்சார மீட்டர், மெக்கானிக், அவன் மனைவி என்று எல்லாவற்றோடும்தான் போகும். எங்கோ ஒருவர் நின்றுபோன மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஓய்ந்து, அதைத் திட்டவும் தொடங்கியிருப்பார். ஊரில் யார் அதிகமாகத் திட்டுகிறாரோ அவர் பக்கத்தில் கடை போய் நின்றுகொள்ளும். இடம் போதாவிட்டால் இரண்டு பக்கத்துக் கட்டடங்களும், பஸ் சீட்டில் நகர்ந்து உட்காருகிற மாதிரி, கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்கும். சுவரில் விரிசல் விழுந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை. தையற்கடைக்காரர் மட்டும், கடை போன பிறகு பக்கத்து இடம் எண்ணெய்க் கறையோடு பல்லிளிக்கிறது என்று குறைபட்டுக்கொள்வார். இடத்துச் சொந்தக்காரர் கடை எங்கே போனாலும் தேடிப் பிடித்து வாடகையை வாங்கிவிடுவார். அலைச்சலில் அவருக்குத் தொப்பை குறைந்தது என்று அவர் வீட்டில் சந்தோஷம்தான்.

மெக்கானிக்கின் கை நல்ல கை. ஆனால் கை மட்டும் இருந்து என்ன செய்ய, மாட்டுவதற்குப் பாகம் வேண்டுமே. கிளட்ச் ஒயரோ பிரேக் ஷூவோ, எது வேண்டுமென்றாலும் மனைவியின் அண்ணன் நடத்திய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பிளக்கை எடுத்துக் கொடுப்பதற்குள் ஒரு பிரசங்கம் செய்து முடித்துவிடுவார். "கடைன்னா ஒரு இடத்துல இருக்கணும் மாப்பிள்ளை. என் கடையைப் பாருங்க, என்னைக்காவது அசைஞ்சிருக்கா?" என்பார். மெக்கானிக் தலையாட்டிக்கொண்டே நிற்பான். பிரசங்கத்தைப் பொறுத்துக்கொண்டால் பிளக் கிடைக்கும் என்று அவன் பழகியிருந்தான். ஒருநாள் அண்ணன், தானே ஒரு சர்வீஸ் கடை ஆரம்பிக்கப் போவதாகவும், அடுத்த மாதத்திலிருந்து வெளிக் கடை எதற்கும் பாகம் தரப்போவதில்லை என்றும் சொன்னார். மாப்பிள்ளை அந்த ஓடுகாலிக் கடையை இழுத்து மூடிவிட்டுத் தன்னிடமே வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாம், நீல நிறத்தில் சட்டைகூடத் தைக்கக் கொடுத்தாயிற்று என்றார். அண்ணன் அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் மனைவிக்குத் தாங்கவில்லை. "எங்க அண்ணன் முன்னால நீங்க கைகட்டி நிக்கிறத என்னால பார்க்க முடியாதுங்க" என்று சொல்லி அன்று முழுவதும் அழுதாள்.

மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கும் சரக்குப் போடுகிற மொத்த விற்பனைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். கடை பெயரில் ஓர் அக்கவுண்ட் வேண்டும், பாகங்களை நேராக வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டிருந்தாள். கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. அவர்களுடைய ஆள் வந்து கடையைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று முறை வந்தும் பார்க்க முடியாவிட்டால் அந்தக் கடைக்கு என்றைக்குமே அக்கவுண்ட் கிடையாது. முதல் முறை அந்தச் சரிபார்க்கும் ஆள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது தையற்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவர் அதையும் படமெடுத்துக்கொண்டு போனார். மனைவி போன் செய்து புது இடத்தைச் சொன்னாள். அவர் அங்கே வருவதற்குள் ஸ்கூல் பக்கம் ஒருவர் தன் வண்டியை அது பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்துத் திட்டத் தொடங்கிவிட்டதால், கடை அங்கே போய்விட்டது. "நீங்க கடை நடத்துறீங்களா, கண்ணாமூச்சி ஆடுறீங்களாம்மா?" என்று அவர் போனில் கேட்டார். ஆனாலும் மூன்றாவது முறைக்கு ஒரு தேதி கொடுத்தார்.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். பழுதான வண்டி ஒன்று உள்ளே இருக்கும்வரை கடை எங்கும் போவதில்லை. அப்படியானால் ஒரு வண்டி பழுதாகவே இருக்கட்டும். கடை மறுபடி தையற்கடைப் பக்கமே வந்து நின்ற ஒருநாள், கணவனின் சொந்த வண்டியிலிருந்து கிளட்ச் ஒயரை உருவிச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "அந்த ஆள் வந்துட்டுப் போற வரைக்கும் இதைத் தொடக் கூடாது. என் மேல சத்தியம்" என்றாள். அவனும் சத்தியம் செய்தான். செய்தானே தவிர, அந்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடாத வண்டி ஒன்று கண்ணெதிரே நிற்க, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவனுக்குக் கொடுமையாக இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, வண்டி தன்னையே பார்க்கிறது என்று புலம்பினான். கடையும் லேசுப்பட்டதில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஷட்டர் தடதடவென்று ஆடும், தகரம் முனகும், ஆனால் நகராது. தையற்கடைக்காரர்கூட, "என்னம்மா, இன்னும் இங்கயேவா இருக்கீங்க? உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

குறித்த நாளில் சரிபார்ப்பவர் வந்தார். கடை இருந்தது. அவர் வாசலில் நின்று பெயர்ப் பலகையை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீ எடுத்துவரப் பின்பக்கம் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். கையில் வேலை இல்லாவிட்டால் மெக்கானிக்குக் கோர்வையாகப் பேச வராது. அவளைப் பெண் கேட்டதுகூட அவள் அப்பாவின் ஸ்கூட்டரில் பிரேக்கை டைட் செய்துகொண்டேதான். மாதம் எத்தனை செயின் போகும், என்னென்ன வண்டி வரும் என்று அவர் கேட்கக் கேட்க, அவன் முதலில் திக்கினான், பிறகு தடங்கலில்லாமல் சொல்லத் தொடங்கினான். மனைவி டீயோடு திரும்பி வந்தபோது எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டீயை அவர் கையில் கொடுத்த நேரத்தில் கிளட்ச் லிவர் டக்கென்று பிடித்து விடுபடும் சத்தம் கேட்டது.

"என்னங்க பண்ணினீங்க" என்றாள் மெல்ல. மெக்கானிக் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். அண்ணன் கடையில் கடைசியாக வாங்கிய கிளட்ச் ஒயர் வண்டியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. "நான் பேசிக்கிட்டுத்தான்டி இருந்தேன்" என்றான் பாவமாக. சாப்பாட்டு நேரம் அப்போதுதான் முடிந்திருந்தது.

சரிபார்ப்பவர் முதலில் தனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தார். பிறகு வெளியே தையற்கடைக்காரர் கையசைத்துவிட்டுப் பின்னால் போவதைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். டீ சிந்தவில்லை, இதை அவர் பின்னால் தன் அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறார். "இது அடிக்கடி நடக்குமாம்மா?" என்று கேட்டார். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "வேலை முடிஞ்சா நடக்கும் சார்" என்று தொடங்கி, அண்ணன், நீலச் சட்டை, கைப்பையில் இருக்கும் ஒயர் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மெக்கானிக் கூரையைப் பார்த்தபடி நின்றான். நீல நிறம் தனக்குப் பொருந்துமா என்று அவன் யோசித்தது அவன் முகத்திலேயே தெரிந்தது.

கடை போய் நின்றது அந்தக் கம்பெனியின் வாசலிலேயே. அங்கே டெலிவரிக்காரர் பின்சீட்டில் பார்சல்களைக் கட்டிய வண்டியோடு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் திட்டி முடித்து, கம்பெனியைத் திட்டி முடித்து, பெட்ரோலைக் கண்டுபிடித்தவரைத் திட்டத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பின்னால் குடோனில் கூரை வரைக்கும் பாகங்கள் அடுக்கியிருந்தன, ஒன்றை எடுத்து மாட்டத்தான் அங்கே ஆள் இல்லை. மெக்கானிக் அக்கவுண்டையும் அண்ணனையும் மறந்து வெளியே குதித்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், காயிலைத் தொட்டுப் பார்த்தான், "காயில் போயிடுச்சு, புதுசு ஒண்ணு வேணும்" என்று பின்னால் கையை நீட்டினான். சரிபார்ப்பவரே உள்ளே ஓடிப் போய் எடுத்து வந்து அந்தக் கையில் வைத்தார். வைத்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரசங்கம் வரும் என்று மெக்கானிக் தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தான். எதுவும் வராததால் நிமிர்ந்து பார்த்தான். பிறகு காயிலை மாட்டினான்.

வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் கீழே இறங்கி வந்தார். "கடையைப் பார்த்தாச்சு, நானே பார்த்துட்டேன். அதெல்லாம் சரி, பார்சலை எந்த முகவரிக்கு அனுப்புறது?" என்றார். வண்டியை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த டெலிவரிக்காரர்தான் பேசினார். "அத என்கிட்ட விடுங்க சார்" என்றார். கடை பெயரில் அன்றைக்கே அக்கவுண்ட் திறந்தார்கள். முகவரி எழுத வேண்டிய இடத்தில் மேனேஜர் ஒரு கோடு போட்டார்.

அதன் பிறகு வருடங்கள் பல போய்விட்டன. டயர் கம்பெனியும் ஆயில் கம்பெனியும், அந்தக் கோட்டைப் பார்த்துத் தாங்களும் ஒரு கோடு போட்டு அக்கவுண்ட் கொடுத்தன. அண்ணனுடைய சர்வீஸ் கடை நன்றாகவே நடக்கிறது. தன் சொந்த வண்டியை மட்டும் அவர் வாரம் தவறாமல் சர்வீஸ் செய்துவிடுகிறார். வழியில் நின்றால்கூட வாயைத் திறப்பதில்லை, தங்கை கடை எதிரே வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நீலச் சட்டை அவர் கடையில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

பார்சல் நாளில் டெலிவரிக்காரர் எந்தத் தெருவிலும் கடையைத் தேடுவதில்லை. சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நிழலாக ஓர் இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவார். பிளக் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பேருக்கு இரண்டு உதை உதைத்து, மனசே இல்லாமல் நாலு வார்த்தை திட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். கடையில் வேலையோ, ஊரில் வேறு யாருக்காவது அதிகக் கோபமோ இருக்கிற நாட்களில் கொஞ்சம் தாமதமாகும், அன்றைக்கு ஒரு தூக்கம் போடுவார். எப்படியும் கடை வந்துவிடும். மனைவி கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் தங்கள் கடைப் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போவாள். மெக்கானிக் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டுவான். டெலிவரிக்காரர் பிளக் ஒயரை எடுத்து அதில் வைப்பார்.