எனாமல் வாடை

"அக்கா, இப்ப மேல இட்டாராதீங்க! வாடை தூக்கலா கீது. அவருக்கு மூச்சு முட்டிக்கும்."

முதல் மாடி ஜன்னலிலிருந்து பெயிண்டர் நெடுஞ்செழியன் கத்தினார். கீழே, மேற்கு மாம்பலத்தின் அந்தச் சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே ஆக்ஸிஜன் முகமூடியோடு வெள்ளைச்சாமி. அவர் பக்கத்தில் மகள் ஷண்முகப்ரியாவும் அவருடைய அக்கா புஷ்பமும்.

காலையில்தான் டாக்டர் கையை விரித்து, வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லியிருந்தார். "வீட்டுக்குப் போயிரலாம்மா," என்று அப்பாவும் அதையேதான் கேட்டார்.

அவர் தேறி வருவார் என்று நம்பித்தான் ஷண்முகப்ரியா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். நுரையீரல் கெட்டவருக்கு ஓதம் பிடித்த சுவர் ஆகாதே! நல்ல ஆளாக வேண்டுமென்று அலைந்தாள். முதலில் வந்தவர் விரிசலைத் திரும்பிக்கூடப் பாராமல், "ரெண்டே நாள்ல முடிச்சிரலாம்," என்றார். அவரை அனுப்பிவிட்டாள். நெடுஞ்செழியன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அவசரப்பட்டா பேத்துக்கினு வந்துரும்க்கா," என்றார். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த ரெண்டு நாள்காரரையே வைத்திருந்தால் இந்நேரம் வேலை முடிந்து வாடையும் போயிருக்கும். நல்ல ஆளைத் தேடியதுதான் வினையாயிற்று.

இன்று காலைதான் கதவு ஜன்னலெல்லாம் எனாமல் அடித்திருந்தார். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஒதுங்க வேறு இடம் ஏது?

"வெளிய வச்சு உசிரு போச்சுன்னா உள்ள கொண்டுபோகக் கூடாதுட்டி," என்று புஷ்பம் அத்தை அவள் காதோரம் சொன்னாள். "நம்ம பக்கத்து வழக்கம் தெரியும்லா? சீக்கிரம் ஏத்து."

எதிர் வீட்டில் போய், அப்பாவைக் கொஞ்ச நேரம் படுக்கவைக்க இடம் கேட்டாள். கதவைத் திறந்த மாமி, "குழந்தைகள் இருக்காம்மா, பயந்துப்பா," என்று தரையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாகப்போகிறவரை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

"திரும்ப ஆஸ்பத்திரிக்கே விட்றவா மேடம்?" என்றார் டிரைவர். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகமூடியை மெல்ல விலக்கினார்.

"இன்னும் வீடு வரலியா?"

"வந்துட்டோம்ப்பா. வாசல்லதான் நிக்கோம்."

"பொறவு என்ன?"

அவள் முகமூடியைச் சரிசெய்துவிட்டு மாடியைப் பார்த்தாள். நெடுஞ்செழியன் ஒரு அட்டையால் ஜன்னல் பக்கம் விசிறி விசிறி வாடையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம் குடுங்கக்கா!"

வந்தது வரட்டும், தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று இறங்கினாள். படிக்கட்டிலேயே வாடை நெஞ்சை அடைத்தது. மேலே கொண்டுபோய், தன் கையாலேயே அவர் மூச்சை நிறுத்துவதா? முடியவில்லை. இரண்டு படி ஏறினாள், இறங்கினாள். பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. அத்தையின் ஓலம் கேட்டபோது அவள் படிக்கட்டில்தான் இருந்தாள்.

ஐஸ் பெட்டியைக் கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். அவள் யாரோடும் வாதாடவில்லை.

வேட்டி எடுக்க மேலே போனாள். வாடை அநேகமாகப் போயிருந்தது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, துவைத்த விரிப்பு விரித்து, தலையணையும் வைத்திருந்தார் நெடுஞ்செழியன். அவளைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினார்.

"கதவுக்கு இன்னொரு கை பெயிண்ட் போடணும்க்கா," என்றார் தயங்கி. "நிறுத்திக்கவா?"

ஷண்முகப்ரியா கட்டிலைப் பார்த்தாள்.

"போடுங்க. மெதுவாவே போடுங்க. இனிமே என்ன அவசரம்?"

அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. அவளுக்கு முன்னால் கீழே இறங்கிப் போய், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தார்.