தெசெமாவின் பக்கத்துக் கல்

நிலத்தை அளந்து சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் எனத்னேஷின் தெஃப் தானிய வயலில் நின்றார்கள். வாய்க்காலோரத்துத் துண்டு நிலத்துக்காக அவளும் பக்கத்து வயல்காரன் தெசெமாவும் வருஷக்கணக்கில் சண்டை போட்டவர்கள். புருஷன் செத்த பிறகு அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்தச் சண்டையில்தான். போன மழைக்காலத்தில் தெசெமாவும் காய்ச்சலில் போய்விட்டான். அடிஸ் அபாபாவில் இருக்கும் அவன் மகன் இன்றைக்கு வரவில்லை.

"இந்தத் துண்டு யாருதும்மா?" என்று கேட்டார் அளக்க வந்தவர். "மறுத்துச் சொல்ல ஆளில்ல. நீங்க சொல்றதையே பதிஞ்சிடறோம்."

எனத்னேஷ் கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். 'புளுகுறா பாரு' என்று அடித்தொண்டையில் கத்தத் தெசெமா இல்லை.

"தெசெமாவோடது," என்றாள்.

"இத்தனை வருஷமா உன்னோடதுன்னு அடிச்சுக்கிட்டியே அக்கா?" என்றார் ஊர் நிலக்குழுத் தலைவர்.

"அவன் இருந்தான், அடிச்சுக்கிட்டேன்."

எல்லைக் கல்லை அவள் வயலுக்குள் தள்ளி நட்டுவிட்டு, எல்லோரும் அடுத்த வயலுக்குப் போனார்கள். பூட்டிக் கிடந்த தெசெமாவின் வீட்டைப் பார்த்தபடி அவள் அங்கேயே நின்றாள்.