அண்ணி கொண்டுவந்த சீஸ்

சிட்டுவுக்கு ஏழாம் மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவளைப் படுக்க வைத்தவர்கள் அப்புறம் விடவே இல்லை. கையில் டிரிப்ஸ், வயிற்றைச் சுற்றிக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் பெல்ட். புரண்டு படுக்கக்கூட நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். "லிஸ்டீரியான்னு ஒரு கிருமி. சாப்பாட்டுல வந்திருக்கு. ஃப்ரிட்ஜ் குளிர்லகூட வளரும்."

"எனக்கு வயித்துப்போக்குகூட இல்லையே டாக்டர்?"

"இது குடலோட நிக்காதும்மா. குடல் செல்லை ஏமாத்தி உள்ள நுழைஞ்சிடும். அங்க இருக்கற புரதத்தையே வாலா கட்டிக்கிட்டு, சுவரை முட்டித் தள்ளி அடுத்த செல்லுக்குப் போகும். வெளிய தலைகாட்டாததால உடம்போட காவலுக்குச் சிக்காது. அப்படியே நஞ்சுக்கொடி வரைக்கும் வந்துடும்."

"அப்ப குழந்தைய வெளிய எடுத்துடுங்க!"

"இப்ப எடுத்தா மூச்சுக்குத் திணறும். உன் ரத்தம் வழியாத்தான் அதுக்கு மருந்து போகணும். பொறுத்துக்கோ."

வெளியே எடுக்கவும் முடியாது, உள்ளே வைத்திருக்கவும் பயம். சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவளுக்கு உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டதெல்லாம் கணவனின் அக்கா, நாத்தனார்தான். நாத்தனாருக்கு சூப்பர் மார்க்கெட்டில் குளிர்ப்பெட்டிப் பக்கம் வேலை. "பிள்ளைக்கு எலும்பு கெட்டியா வளரட்டும்" என்று வாராவாரம் சீஸ் கொண்டுவந்து ஊட்டியவளும் அவள்தான்.

சுகாதார ஆய்வாளர் விசாரிக்க வருகிறார் என்றதும் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "கடை பேரை மட்டும் சொல்லிடாதே சிட்டு. நான்தான் வெட்டி பாக்கெட் போடறேன். என் தலையிலதான் விடியும்."

"மாசமா இருக்கற இன்னொருத்தி வாங்கித் தின்னா, அண்ணி?"

நாத்தனார் சீப்பை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆய்வாளர் வந்தார். சிட்டுவால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும், எழுந்து ஓட முடியாது. கடை பேரைச் சொல்லிவிட்டாள். சீஸ் வெட்டும் இயந்திரத்திலேயே கிருமி இருந்தது. கடையில் அந்தப் பகுதியை மூடினார்கள்; நாத்தனாருக்கு வேலை போனது. அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. கணவன் மட்டும் வந்து உட்காருவான். அக்காவைப் பற்றிக் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பான்.

வலி முன்கூட்டியே வந்துவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசியும் குழாயுமாகக் கிடந்தது. ஆனால் மருந்து கிருமியை அடக்கியிருந்தது. "பொழச்சுக்குவா" என்றார் டாக்டரம்மா.

சிட்டுவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது, பெட்டியின் மறுபக்கம் நாத்தனார் நின்றிருந்தாள். சிட்டுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூக்கு எங்கப்பாவோடது" என்றாள், குழந்தையைப் பார்த்தபடியே.

"ஆமா அண்ணி."