வேறொரு கருவியில்

எட்டு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கும்போதே அவள் கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிச் சீருடை தைக்கிற கடை அது. அவள் அங்கே துணி வெட்டுபவள். நாற்பது மடிப்புத் துணியை ஒரே வெட்டில் கோணாமல் வெட்டுகிற கை, இன்று ஒரு மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

விஷயம் இதுதான். அவள் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உள்காதில் கருவி பொருத்தினால் கேட்கும், பேச்சும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்து வயது முடிவதற்குள் பெரிய மருத்துவமனையில் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் அரசின் இலவசத் திட்டத்தில் இடமில்லை. மகளுக்கு ஐந்து முடிய இன்னும் பத்தொன்பது நாள். நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடவெல்லாம் வழி கிடையாது. மாதத்தில் முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, இணையத்தில் முப்பது இடம் திறக்கும். முந்திக்கொண்டவர்களுக்குக் கிடைக்கும். வரிசையில் கால்கடுக்க நின்ற காலத்தில் முன்னால் நிற்பவரின் முதுகாவது தெரிந்தது. இதில் எவர் முன்னால், எவர் பின்னால் என்று யார் கண்டது? போன மாதம் அவள் பாஸ்வேர்ட் அடித்து முடிப்பதற்குள் முப்பதும் போய்விட்டது.

அதனால் இந்த முறை பெரும் படையையே திரட்டியிருந்தாள். மகளின் பதிவு எண்ணையும் பாஸ்வேர்டையும் நேற்றே குடும்பக் குரூப்பில் போட்டு, ‘எட்டு மணிக்கு எல்லாரும் ஆளுக்கொரு போன்ல முயற்சி பண்ணுங்க. யாருக்குக் கிடைச்சாலும் சரி’ என்று எழுதினாள். பதினோரு பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூடப் பந்தி முடிந்தபிறகு வருகிற சித்தப்பா, இன்று ஏழே முக்காலுக்கே ‘நான் ரெடி’ என்று போட்டுவிட்டார்.

எட்டு மணி. உள்ளே நுழைந்தாள். ‘காலியிடங்கள்: 30’. தேதியை அழுத்தினாள். திரை வெளுத்து, ஒரே ஒரு வரி வந்தது.

‘இக்கணக்கு வேறொரு கருவியில் திறக்கப்பட்டதால் நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.’

மறுபடி நுழைந்தாள். இருபத்து நான்கு. மறுபடியும் அதே வரி. பக்கத்தில் கிடந்த போனில் குரூப் கதறிக்கொண்டிருந்தது. சித்தப்பா, ‘கிடைச்சிருச்சு’ என்று போட்டிருந்தார். அதற்குக் கீழேயே, ‘இல்லை, வெளியே தள்ளிருச்சு’. அத்தை, ‘என்னையும்’. மச்சினன், ‘எவன்டா அது என்னைத் தள்ளுறது?’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அடுத்தவர் நுழைந்தால் முன்னவர் வெளியே. பாசத்தில் மொத்தக் குடும்பமும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்பாடு செய்தவளும் அவளேதான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வாயருகே வைத்துக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகக் கத்தினாள். “எல்லாரும் விட்டுடுங்க! யாரும் உள்ள போகாதீங்க! நான் மட்டும் பண்றேன்!”

‘சரி’, ‘விட்டாச்சு’, ‘விட்டுட்டேன்மா’ என்று வரிசையாக வந்தது. பத்து பேர். மறுபடி நுழைந்தாள். பதின்மூன்று. தேதியை அழுத்தினாள். வேறொரு கருவி.

பதில் போடாதவள் தங்கை ஒருத்திதான். அவளைக் கூப்பிட்டாள்.

“ஏன்டி, நான் கத்தினது உனக்குக் கேக்கலையா?”

“நான் அப்பவே விட்டுட்டேன்க்கா. ஆனா நேத்து நம்பரையும் பாஸ்வேர்டையும் அண்ணனுக்கு அனுப்பினேன்.”

“எந்த அண்ணன்?”

“நமக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க?”

ஒரே ஒரு அண்ணன்தான். லிஃப்ட் மெக்கானிக். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் கையிலிருந்த ஸ்பேனர் தவறித் தரையில் விழுந்தது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மட்டும் திரும்பவில்லை. அவன் வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, “இவளுக்குக் காது கேக்கல. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு” என்றான். அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. “பிள்ளை இல்லாதவனுக்கு என் பிள்ளைமேல என்ன கண்ணு?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கே அவனைக் குரூப்பிலிருந்து தூக்கினாள். அவன் எண்ணையும் பிளாக் செய்தாள். எட்டு மாதம் கழித்து டாக்டரும் அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

“நிறுத்தச் சொல்லுடி! கூப்பிட்டுச் சொல்லு!”

“இன்னொரு போன்ல கூப்பிட்டுட்டேதான்க்கா இருக்கேன். பிஸின்னே வருது.”

தங்கையின் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். உள்நுழையும் பக்கத்தின் மேலேயே காலியிட எண்ணிக்கை தெரிந்தது. இரண்டு. பாஸ்வேர்டை அடித்தாள். ‘உள்நுழை’ பொத்தானுக்கு மவுஸை நகர்த்தியபோது போன் அதிர்ந்தது. ‘முன்பதிவை உறுதிசெய்ய ஓடிபி: 7103. இரண்டு நிமிடங்களுக்குச் செல்லும்.’

அவள் கேட்காத ஓடிபி. அப்படியானால் அண்ணன் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டான். இந்த நான்கு எண்ணுக்காகத்தான் அவளை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பிளாக் செய்த எண்ணிலிருந்து எப்படி வரும்? இப்போது அவள் உள்ளே நுழைந்தால் அவன் வெளியே போவான், அந்த இடமும் போகும். சூடு பட்டவள்போல மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரையில் இரண்டு ஒன்றாகி, ஒன்று பூஜ்யமாகியது.

அவன் எண் மனப்பாடம். முதல் முறை பிஸி. இரண்டாவது முறையும் பிஸி. மூன்றாவது முறை உடனே எடுத்தான்.

“ஓடிபி சொல்லு.”

வாயைத் திறந்தாள். “அண்ணா...” என்பதற்குள் அழுகைதான் வந்தது.

“நாப்பத்தஞ்சு செகண்டுதான் இருக்கு. அப்புறமா அழு. இப்ப சொல்லு.”

“ஏழு... ஒண்ணு... பூஜ்யம்... மூணு.”

“ம். ஏத்துக்கிச்சு. இன்னொண்ணு கேக்குது. பதிவு பண்றவர் குழந்தைக்கு என்ன உறவாம். அப்பா, அம்மா, பாதுகாவலர், மற்றவர், அவ்வளவுதான். மாமான்னு ஒண்ணு இல்ல. மற்றவர்னு போட்டுடறேன்.”

குத்திக்காட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அதைப் போடாதண்ணா. பாதுகாவலர்னு போடு.”

“யோசிச்சுத்தான் சொல்றியா? பாதுகாவலர்னு போட்டா அன்னிக்கு நானும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

“வாண்ணா. அன்னிக்கு நான் பேசினது மனுஷி பேசற பேச்சே இல்ல. தப்பு என்மேலதான். வா.”

அவன் எதையோ அழுத்தும் சத்தம் கேட்டது. கெடு தாண்டிவிட்டதோ என்று அவளுக்கு உயிரே போனது. போன் அதிர்ந்தது. ‘முன்பதிவு உறுதியானது. வியாழக்கிழமை, காலை 9.30. பதிவு செய்தவர்: பாதுகாவலர்.’

கம்ப்யூட்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணன் போனை வைக்கவில்லை. அவள் ஓயும்வரை இருந்தான்.

“என்னைப் பாத்தா அவளுக்கு அடையாளம் தெரியுமா?” என்று கேட்டான்.

தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“தெரியாதுண்ணா,” என்றாள்.

“சரி, பரவால்ல. வியாழக்கிழமை சீக்கிரமே வந்துடறேன்” என்றான் அண்ணன்.