எட்டாம் நாள்வரை சொல்லாத பெயர்

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புடாபெஸ்ட்டில் எங்கள் யூதக் குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளை எடை பார்க்கும் செவிலி நான். 'குழந்தைக்கு விருத்தசேதனம்: பெற்றோர் அறிய வேண்டியவை' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மஞ்சள் காமாலை இருந்தால் தள்ளிப்போடுங்கள், எடை தேறட்டும், காயத்தைச் சுத்தமாக வையுங்கள் என்று மூன்று குறிப்புகள் மளமளவென்று வந்துவிட்டன. நான்காவதில் மாட்டிக்கொண்டேன்.

[தாய்வழியில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருந்தால் கட்டாயம்]

அதை முடிக்க முடியவில்லை. ஹன்னா நினைவுக்கு வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: [ஹன்னாவுக்கு மகன் பிறந்த ஏழாம் நாள், டானூப் நதியின் மேல் பனி] வேண்டாம். நதிக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாவது தொடக்கம்: மகன் பிறந்த ஏழாம் நாள் மதியம், விருத்தசேதனம் செய்யும் வைல் ஹன்னா வீட்டுக்கு வந்து குழந்தையின் கண்ணையும் தோலையும் வெளிச்சத்தில் பார்த்தார்.

"மஞ்சள் இல்ல. நல்லா பால் குடிக்கிறானா?"

"விட்டா என்னையே குடிச்சிடுவான்."

"உங்கம்மா பக்கத்துல யாருக்காச்சும் ரத்தம் நிக்காம போனதுண்டாம்மா?"

"இல்லைங்க."

ஹன்னா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேட்கலாம் என்றால் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது.

3

இறந்தவர் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்போம். எட்டாம் நாள்வரை அந்தப் பெயரை யாரிடமும் மூச்சுவிட மாட்டோம். அன்றைய விருத்தசேதனச் சடங்கில் முதலில் கத்தி, பிறகு பெயர். (இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.)

ஹன்னா பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அம்மாவின் ஜெபப் புத்தகத்தின் கடைசித் தாளில், யார் யார் நினைவு நாளில் விளக்கேற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரு பெயர் ஆர்மின். யார் என்று எழுதவில்லை. ஏதோ கொள்ளுத்தாத்தாவாக இருக்கும் என்று நினைத்தாள். அம்மா ஏற்றிவந்த விளக்கைத் தன் மகன் பெயரில் காப்பாற்றலாம் என்று ஆசைப்பட்டாள். புருஷன் மிக்‌ஷாவும் சரியென்றான்.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம். ஹன்னாவின் பெரியம்மா ரோஷி, அம்மாவின் அக்கா. ஆர்மின் இவளுடைய தம்பி. அவன் பிறந்தபோது ரோஷிக்கு ஆறு வயது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பயந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு ரகசியமாகச் சடங்கு நடத்திய காலம் அது. வெளியே தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும். மறுநாள் குழந்தை செத்தது. 'நிமோனியா' என்று ஊருக்குச் சொன்னார்கள். ரோஷிக்கும் அதையே சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். ரத்தத்தில் நனைந்த துணிகளைப் பார்த்த பெண் இதை நம்புவாளா? முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். அது அநியாயம். எழுபது வருடம் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்தினால் அது வீட்டு ஆளாகிவிடுகிறது.

வைல் போனபிறகு, சமையலறையில் ரோஷி நாளைய கேக்குக்குக் கசகசா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு என்னடி?"

"நாளைக்குத் தெரியும் பெரியம்மா."

"என்கிட்டகூடவா? அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா?"

"ஒரு நாள்தானே. கேக்கு சாப்பிடாம நீ போக மாட்டே."

5

முடிவு அ. ஹன்னா வழக்கத்தை மீறவில்லை. மறுநாள் வைல் கத்தியை வைத்துவிட்டுப் பெயரை உரக்கச் சொல்கிறார்: ஆர்மின். ரோஷி எழுந்து நிற்கிறாள்.

"அய்யோ, அவன் பேரையா வச்சீங்க? துணி துணியா நனைஞ்சுதே, நிக்கவே இல்லையே..."

வைல் குழந்தையின் கட்டைப் பார்க்கிறார். வெள்ளைத் துணி

(இதற்குமேல் கை வரவில்லை. நாலு தடவை முயன்றேன்.)

முடிவு ஆ. ஹன்னா குனிந்து பெரியம்மாவின் காதில் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அரைக்கும் கை நிற்கிறது.

"அந்தப் பேர உனக்கு யாருடி சொன்னா?"

பிறகு எல்லாம் வெளியே வருகிறது. ஹன்னா வைலுக்குப் போன் போடுகிறாள்.

"நாளைக்கு வேணாம்மா. முதல்ல ரத்தத்தச் சோதிங்க. சந்தேகம்னாலே தள்ளிப்போடுன்னுதான் நம்ம சட்டமே சொல்லுது. எத்தன மாசமானாலும் எடுத்துக்கோங்க."

6

அந்த வீட்டில் நான் இருந்தேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். 'ஆ' என்றால் நிம்மதியாக மூடிவைப்பீர்கள். 'அ' என்றால் அழுதுவிட்டு மூடிவைப்பீர்கள். இரண்டிலும் உங்கள் பெரியம்மாவைத் தேடிப் போக மாட்டீர்கள்.

நான்காவது குறிப்பை இப்படி மாற்றிக் கொடுத்துவிட்டேன்: 'நோய் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்; இல்லை என்றுதான் சொல்வார்கள். உங்கள் அம்மாவின் பக்கத்தில், பெயர் வைத்த கையோடு செத்துப்போன ஆண் குழந்தை உண்டா என்று கேளுங்கள். கத்திக்கு முன்னால் கேளுங்கள்.'

அதன் கீழே ஒரு கோடு போட்டு, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே எழுத வேண்டிய பெயர் உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.