பேத்தி என்கிற வரி

அச்சகக்காரர் இரண்டாவது முறை போன் செய்தபோது அவள் அப்பாவின் அலமாரிக்கு முன்னால் முட்டி போட்டு, திறக்க மறுக்கும் பூட்டின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்தெல்லாம் கோத்தாச்சும்மா. பேத்திங்கிற வரி மட்டும் காலியா இருக்கு. அஞ்சு மணிக்குள்ள சொன்னாதான் அஞ்சலி நோட்டீஸ் இன்னைக்கே கைக்கு வரும்."

"சொல்லிடறேண்ணா."

சொல்லத்தான் பெயர் இல்லை. குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். அப்பா விடிகாலையில் போய்விட்டார். இப்போது கூடத்தில் படுத்திருக்கிறார். அவருக்குப் போட வேண்டிய நீலச் சட்டை இந்த அலமாரிக்குள் இருக்கிறது. கதவைத் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். இருந்த ஒரே சாவியைக் காணோம். ஊரில் பாதி வீட்டுக்குச் சாவி செய்து கொடுத்த மனுஷன், தன் அலமாரிக்கு ஒரு மாற்றுச் சாவி செய்து வைக்கவில்லை. கேட்டால், "நம்ம வீட்டுக்கு எதுக்குடி? நாமதான் இருக்கோமே" என்பார்.

பூட்டை உடைக்கலாம் என்றார் சித்தப்பா. அவள் விடவில்லை. பன்னிரண்டு வருடமாக அப்பாவுடன் அவருடைய சாவிக் கடையில் அதே வேலை பார்க்கிறவள் அவள். கடைப் பெட்டியிலிருந்து வெட்டாத சாவி ஒன்றையும் மெல்லிய அரத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கட்டில் ஓரத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பெயர்ப் பட்டியலை வருகைப் பதிவு எடுக்கிற குரலில் வாசித்தான்.

"திலகா?"

"திலகுன்னுதான் வரும்."

"திவ்யா?"

"திவ்வு."

"டி-யில ஆரம்பிக்கிற பேரே இல்லம்மா நம்மகிட்ட. நான் என்ன பண்றது? உங்கப்பா வேற ஏதாவது வெச்சிருக்கக் கூடாதா?"

பிறந்த அன்று அப்பாவின் உள்ளங்கையில் கிடந்தபடி குழந்தை நாக்கால் ஒரு சத்தம் செய்தது. அவர் முகம் மலர்ந்துபோனது. "பூட்டு தொறக்கிற சத்தம்! டிக்கு. இவ டிக்கு." அதோடு முடிந்தது. மூன்று நாளில் வீடே டிக்கு என்றது.

போன வாரம் மூச்சு வாங்க வாங்க அவளிடம் சொன்னார்: "பெரிய பேரு வைக்கிறப்ப டிக்குவுக்குப் பொருந்துற மாதிரி வை. இல்லன்னா பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்கே டிக்கு உதிந்துரும். உன்னுது உதிந்துச்சு பாரு."

அவளுடையது கொண்டி. அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு கதவுக் கொண்டி மாதிரி விடமாட்டாளாம். பதிவேட்டில் ஏறிய பெயருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அம்மாகூட எப்போதோ விட்டுவிட்டாள். அவர் மட்டும் விடவில்லை. நேற்று நாலு மணிக்கு, "கொண்டி, கொஞ்சம் தண்ணி" என்றார்.

அவள் சாவியைப் பூட்டுக்குள் விட்டு, அழுத்தித் திருப்பி, மேலும் கீழும் அசைத்தாள். வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பூட்டுக்குள் ஐந்து பின்கள், குட்டிக் கம்பிகள், வரிசையாக நிற்கும். எந்தப் பின் இன்னும் தன் உயரத்துக்கு வரவில்லையோ, அது மட்டும் சாவியின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குப் பளபளவென்று ஒரு தடம் வைக்கும். அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு ராவ வேண்டும். மறுபடி உள்ளே விட வேண்டும். தடம் விழுவது நின்றுவிட்டால் அந்தப் பின் சரியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கே ராவுவது என்று நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. பூட்டே காட்டும்.

தடம் முதலில் நடுவில்தான் விழுந்தது. ராவினாள். அடுத்தது கடைசிப் பக்கம்.

அரம் பாதியில் நின்றது.

"என்னங்க, நீங்க தப்பா தேடுறீங்க."

"சரிதான். இனிமே நீயே தேடு."

"கோவப்படாதீங்க. முதல் எழுத்தையே பாக்குறீங்கள்ல? நுனியை மட்டும் ராவினா எந்தப் பூட்டு தொறக்கும்? பேரை முழுசா உள்ள விடுங்க. வீட்டுல கூப்பிடுற மாதிரி வேகமா, பத்து வாட்டி. எது தேயுது, எது நிக்குதுன்னு பாப்போம்."

அவன் சந்தேகத்தோடு பட்டியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தான். "மல்லிகா, மல்லிகா, மல்லிகா, லிகா, லிக்கு..."

"கிட்ட வருது. அடுத்தது."

"கீர்த்திகா. கீர்த்திகா, கீர்த்திகா, கீத்திகா, த்திகா, திக்கா, திக்கு..." நின்றான். குழந்தையைப் பார்த்தான். "டிக்கு."

வாசற்படியில் நின்றிருந்த அம்மா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு இடம் தெரியாமல் தடுமாறியது. "மாப்பிள்ளை, இன்னொரு வாட்டி கூப்பிடுங்க."

அவன் கூப்பிட்டான். குழந்தைக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை, கொட்டாவி விட்டது.

அவள் மறுபடி ராவத் தொடங்கினாள். ஆறாவது தடவை சாவி திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டு மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

நீலச் சட்டை முன்னாலேயே தொங்கியது. பையில் ஏதோ கனத்தது. கையை விட்டாள். அலமாரிச் சாவி.

"உள்ளயே வெச்சுப் பூட்டிட்டாரா?" என்றாள் அம்மா. "எத்தனை பேரைத் திட்டியிருப்பாரு இதுக்கு!"

சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, பேத்தி பேரு கீர்த்திகா. பக்கத்துல அடைப்புக்குள்ள டிக்குன்னு போடுங்க."

"டிக்கு... போட்டாச்சு. ஒரு வாட்டி வாசிக்கிறேன், சரி பாத்துக்கம்மா." மனைவி, மருமகன் என்று வாசித்துக்கொண்டே வந்தார். மகள் என்று, பதிவேட்டில் இருக்கும் அவள் பெயரையும் வாசித்தார். "சரிதானே?"

அவள் கையில் இரண்டு சாவிகள் இருந்தன. அப்பாவுடையது பழுப்பேறியிருந்தது. மற்றதில் அரத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மாத்தணும்ணா."

"சொல்லும்மா."

"மகள் பேரு. இருக்குறதை எடுத்துட்டு, கொண்டின்னு போடுங்க."

"அடைப்புக்குள்ளயா?"

"இல்லண்ணா. அடைப்பு வேண்டாம். பேருக்கு உண்டான இடத்துலயே போடுங்க."