ஏகப்பன் மறைத்த மாத்திரை

செக்காலைப் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த மாடிவீட்டுச் சாரத்திலிருந்து, சிமெண்டுச் சட்டியோடு விழுந்தாள் பாண்டீஸ்வரி. அங்கே கொத்தனாராக நின்ற அவள் அப்பா ஏகப்பன், அவளை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே கோணிக்கிடந்தது. பதிவு பண்ணும் இடத்தில் வரிசை வாசல்வரை நின்றது. அடிபட்டவள் என்பதால் முன்னால் விட்டார்கள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் சத்தியப்பிரியா. மானகிரிக்காரி. பாண்டீஸ்வரிக்கு நிச்சயம் பண்ணியிருந்த தேவாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. நிச்சயத்தன்று பந்தியில் பரிமாறியவள். இங்கே சொல்வது அப்படியே தேவா வீட்டுக்குப் போய்விடும் என்று ஏகப்பன் நினைத்தார்.

பெயர், வயது கேட்டுவிட்டு, வேறு நோய் உண்டா, தினமும் போடுகிற மாத்திரை உண்டா என்று கேட்டாள். அந்த இரைச்சலில் கத்தித்தான் கேட்கவேண்டியிருந்தது. சற்று முன்னால் ஒரு பெரியவரிடமும் இப்படித்தான் கேட்டாள். அவருக்குக் காசநோய் என்பது வரிசை முழுக்கத் தெரிந்துபோய், பின்னால் நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.

பாண்டீஸ்வரிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. உள்ளூரில் காட்டினால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருப்பத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் வைத்தியம் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா வள்ளிக்கண்ணு மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டு, அட்டையை அடுப்பில் எரித்துவிடுவாள். விடாமல் போட்டதில் வலிப்பு வந்தே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. ஆனாலும் இந்தப் பேச்சு கசிந்ததில் முன்பு ஒரு சம்பந்தம் கலைந்துபோனது.

பெஞ்சில் சாய்ந்திருந்த பாண்டீஸ்வரி, "அப்பா, மாத்திரையச் சொல்லுங்க" என்று முனகினாள்.

"நீ பேசாம இரு" என்றார் ஏகப்பன். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. புள்ள கல்லு மாதிரி இருப்பா."

"இல்லைன்னே போட்டுறவா மாமா?"

"போடு."

உள்ளே டாக்டர் முத்துக்கண்ணன் பதிவைப் பார்த்தார். அவரும் ஒருமுறை கேட்டார். ஏகப்பன் முந்திக்கொண்டு இல்லையென்றார். வலிக்கு ஓர் ஊசியைக் கம்ப்யூட்டரில் எழுதினார் டாக்டர். திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, ஊசியைப் போட்டார்கள். கைக்குக் கட்டுப்போட ஆள் வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ஒடிந்த கை கட்டில் கம்பியில் திரும்பத் திரும்ப மோதியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

மருந்து கொடுத்து வலிப்பை அடக்கியபின், வராந்தாவில் ஏகப்பன் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லாதவர்போலச் சுவரில் சாய்ந்தார். வலிப்பு உள்ளவர்களுக்கு அந்த ஊசி ஆபத்து. பதிவில் அது இருந்திருந்தால், ஊசியின் பெயரை அடித்ததுமே திரை சிவந்து எச்சரித்திருக்கும். வேறு ஊசி போட்டிருக்கலாம் என்றார். இனி ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும். உயிருக்குப் பயமில்லை. அந்தக் கை மறுபடி சட்டி தூக்குமா என்று கேட்டதற்கு, ஆபரேஷன் முடிந்துதான் தெரியும் என்றார்.

மாத்திரையின் பெயரைக் கேட்டுப் பதிய சத்தியப்பிரியா வந்தாள். ஏகப்பன் அவளைக் கும்பிட்டார். "மானகிரிக்கு மட்டும் இது போகவேணாம் ஆத்தா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொல்லமாட்டேன்னா நீங்க நம்பணும்ல மாமா. அந்தப் பெரியவரு நோய நானே ஊருக்குக் கேக்கக் கத்துனேன். அதப் பாத்துட்டு நீங்க எப்படிச் சொல்வீக? அங்குட்டு தள்ளிப் போயி மெதுவாச் சொல்லுங்க."

ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வராந்தாவில் நிறுத்தியிருந்த கட்டிலில் பாண்டீஸ்வரி கண்விழித்திருந்தாள். கடிபட்ட நாக்கு தடித்துப்போயிருந்தது. "மெதுவா எதுக்கு? தேவா வீட்டுக்கும் நீங்களே சொல்லிருங்கப்பா. கல்யாணம் நின்னா நான் இப்படியே இருந்துக்கிருவேன். கையி போயிட்டா எதவச்சுப் பொழைக்கிறது?"

வள்ளிக்கண்ணு டப்பாவோடு வந்து சேர்ந்தாள். உள்ளே வெறும் வெள்ளை மாத்திரைகள். பெயர் அவர்கள் மூவருக்குமே தெரியவில்லை. ஏகப்பன் திருப்பத்தூர் மருந்துக்கடைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. வலிப்பு மாத்திரை, பாண்டீஸ்வரிக்கு வாங்குவது என்று அவர் திரும்பத் திரும்பக் கத்தவேண்டியிருந்தது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் மாத்திரையின் பெயரைச் சொல்ல வந்ததும் போனைச் சத்தியப்பிரியாவிடம் கொடுத்தார். அவள் கேட்டுப் பதிந்துகொண்டாள்.

"ஏங்க, எல்லாரும் கேக்குறாக" என்று வள்ளிக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கேக்கட்டும். சாரத்துலருந்து விழுந்தது கை ஒடிஞ்சதோட போயிருக்கும். மிச்சத்தப் பண்ணுனது நான் சொன்ன பொய்யி. இருக்கிற நோயையும் திங்கிற மாத்திரையையும் வைத்தியம் பாக்குறவங்ககிட்ட மறைச்சா, குடுக்குற மருந்தே ஆளக் கொன்னுரும். இனி எந்த ஆஸ்பத்திரியில கேட்டாலும் நான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவர் போனைத் திரும்ப வாங்கி, தேவாவின் அப்பா நம்பரைத் தேடினார்.